சேறும் கல்லும் கலந்த பாதைக்குக் குஷன் மிகுந்த ட்ரெயில் ஷூ: தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேற்றில் வழுக்காத ஷூவும், மணிக்கணக்கில் ஓடினாலும் பாதத்தை நோகவிடாத ஷூவும் இரு வேறு மரபுகளிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் வடபகுதிக் குன்றுகளில் ஓடும் ஃபெல் ஓட்டக்காரர்கள் நெடுங்காலமாக மெல்லிய அடியும் துருத்திய ரப்பர் பற்களும் கொண்ட, காலோடு ஒட்டி நிற்கும் இலேசான ஷூக்களையே நம்பி வந்தார்கள். ஈரப்புல்லிலும் சதுப்பிலும் பாதம் தரைக்கு நெருக்கமாக இருப்பதே பாதுகாப்பு என்பது அவர்களுடைய கணக்கு. மறுபக்கம், 2009-இல் நிக்கோலா மெர்மூ, ழான்-லுக் டியார் என்ற இருவர் பிரான்சில் தொடங்கிய ஹோகா நிறுவனம், மலைச்சரிவில் வேகமாக இறங்குவதை மனத்தில் வைத்து மிகத் தடித்த நுரை அடித்தளம் கொண்ட ஷூவைக் கொண்டுவந்தது. இன்று குஷன் மிகுந்த ட்ரெயில் ஷூ என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது மரபின் வழிவந்தவை. அவற்றில் சேற்றையும் சமாளிக்கக்கூடியவை குறைவு. அந்தக் குறைவானவற்றை அடையாளம் காண்பதே இங்கே நம் வேலை.

இந்த வழிகாட்டி சொல்லும் வரிசை ஒன்றுதான்: முதலில் தரையில் பிடிப்பு, அடுத்து பாதத்தை அசையாமல் வைத்திருக்கும் உறுதி, அவை இரண்டும் கிடைத்த பிறகு எவ்வளவு முடியுமோ அவ்வளவு குஷன். கடையில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஷூவைப் போட்டவுடன் பாதத்துக்குத் தெரிவது மெத்தென்ற உணர்வு ஒன்றுதான். பிடிப்பைப் பற்றிக் கடையின் வழவழப்பான தரை எதுவும் சொல்லாது.

குஷன் எதற்காக வேண்டும்?

சேறு தானே அதிர்வை வாங்கிக்கொள்ளும். மென்மையான தரையில் கால் வைக்கும்போது மண் அமுங்கி, தார்ச்சாலையில் முழங்காலுக்கு ஏறும் விசையின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. ஆகவே பாதை முழுவதும் சேறாகவே இருந்தால் தடித்த நுரைக்கு அங்கே அதிக வேலை இல்லை. குஷன் உண்மையில் பயன்படுவது சேற்றுக்கு நடுவே வரும் இறுகிய மண்தடத்திலும், சரளைக்கல் பரப்பிலும், வேர்கள் குறுக்கிடும் காட்டுப் பாதையிலும், நீண்ட இறக்கங்களிலும், பல மணி நேர ஓட்டத்தின் பிற்பகுதியிலும்தான். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, சேற்றில் மட்டுமே ஓடுகிறவருக்கு மெல்லிய அடி கொண்ட சேற்று ஷூ போதும். அவர் இந்த வழிகாட்டியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கல்லும் சேறும் மாறி மாறி வரும் பாதையில் நெடுந்தூரம் ஓடுகிறவருக்குத்தான் இந்த இரண்டையும் ஒரே ஷூவில் தேட வேண்டியிருக்கிறது.

படி 1: உங்கள் பாதையைப் பிரித்துப் பாருங்கள்

வழக்கமாக ஓடும் பாதையில் எவ்வளவு பங்கு சேறு, எவ்வளவு பங்கு கல், எவ்வளவு பங்கு இறுகிய மண் என்று தோராயமாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பாதை தொடங்கும் இடம் வரை தார்ச்சாலையில் ஓடுகிறீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆழமான பற்கள் சாலையில் வேகமாகத் தேயும். அடுத்து, சேறு எல்லாம் ஒரே சேறு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஷூவைத் தேர்ந்தெடுப்பதில் இந்த வேறுபாடு தயாரிப்பாளரின் பெயரைவிட முக்கியமானது.

கடினமான தரையின் மேல் சில சென்டிமீட்டர் அளவுக்கு நீர்த்த சேறு படிந்திருக்கும் பாதை முதல் வகை. இங்கே பற்கள் அந்தக் குழம்பைக் கிழித்துக்கொண்டு கீழுள்ள கெட்டித் தரையை எட்டினால்தான் பிடிப்பு கிடைக்கும். எட்டவில்லையென்றால் எவ்வளவு தரமான ரப்பராக இருந்தாலும் கால் வழுக்கும். இரண்டாவது வகை, பசைபோல் ஒட்டும் களிமண். இதில் ஆழத்தைவிடப் பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் முக்கியம். இடைவெளி குறுகலாக இருந்தால் பத்துப் பதினைந்து அடிகளுக்குள் களிமண் நிரம்பி, அடிப்பாகம் முழுவதும் ஒரே வழவழப்பான பரப்பாகிவிடும். அதன் பிறகு பற்கள் இருந்தும் இல்லாததும் ஒன்றே. மூன்றாவது வகை கணுக்கால் வரை புதையும் சதுப்பு. அங்கே பிடிப்பைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் ஷூ காலோடு வெளியே வருமா என்பதுதான் கேள்வி. இவற்றோடு ஈரப்புல் சரிவையும், மழையில் நனைந்த பாறை, வேர், மரப்பாலம் ஆகியவற்றையும் தனித்தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரப்புல்லுக்குக் கூரிய விளிம்புள்ள பற்கள் தேவை. ஈரப்பாறைக்குப் பற்களால் ஒரு பயனும் இல்லை, அங்கே ரப்பரின் தன்மைதான் எல்லாம்.

படி 2: பற்களைப் படியுங்கள்

லக் எனப்படும் இந்த ரப்பர் பற்களின் உயரம் மில்லிமீட்டரில் குறிப்பிடப்படும். 2 முதல் 3 மி.மீ. வரை உள்ளவை உலர்ந்த, இறுகிய தடங்களுக்கு உரியவை. 4 முதல் 5 மி.மீ. வரை உள்ளவை பலவகைத் தரைக்கும் பொதுவானவை, 6 மி.மீ.க்கு மேல் போனால் அது சேற்றுக்கென்றே செய்யப்பட்ட ஷூ. இன்னோவ்-8 நிறுவனத்தின் மட்கிளா வரிசையில் 8 மி.மீ. பற்கள் உண்டு, ஆனால் அது மெல்லிய அடி கொண்ட ஷூ. அதில் குஷனை எதிர்பார்க்கக் கூடாது. தடித்த குஷன் ஷூக்களில் புகழ்பெற்ற ஹோகா ஸ்பீட்கோட், அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் கார்ல் மெல்ட்சரின் பட்டப்பெயரைத் தாங்கியது, 5 மி.மீ. பற்களோடு வருகிறது. சேறும் கல்லும் கலந்த பாதைக்குக் குஷன் ஷூ தேடுகிறவர்கள் 5 மி.மீ.யைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 4 மி.மீ. ஷூக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், நல்ல மழைக்குப் பின் அவற்றின் எல்லை விரைவிலேயே தெரிந்துவிடும்.

உயரம் ஒரு பாதிதான். ஷூவைக் கவிழ்த்து, பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். விரல் நுனி தாராளமாக உட்கார்ந்து அடிவரை தொட்டால் சேறு வெளியேற இடம் இருக்கிறது என்று பொருள். பற்கள் நெருக்கமாக, சிறுசிறு துண்டுகளாக நிரம்பிக் கிடந்தால் அது சரளைப் பாதைக்கான ஷூ. பல்லின் பக்கங்களையும் கவனியுங்கள். அடியில் அகன்று நுனியில் குறுகும் பல் சேற்றை எளிதில் உதறிவிடும். பக்கங்கள் செங்குத்தாக இருக்கும் பல்லில் களிமண் மூலைகளில் தங்கும். முன்பாதத்துப் பற்களின் விளிம்புகள் ஏற்றத்தில் உந்துவதற்கு ஏற்ற திசையிலும், குதிகால் பற்கள் இறக்கத்தில் தடுப்பதற்காக எதிர்த்திசையிலும் அமைந்திருக்க வேண்டும். பெரும்பாலான ஷூக்களில் இப்படித்தான் இருக்கும், என்றாலும் குதிகாலின் பின்விளிம்பு வரை பற்கள் நீள்கின்றனவா என்று தனியே பார்ப்பது நல்லது, ஏனென்றால் சேற்றுச் சரிவில் இறங்கும்போது முதலில் ஊன்றுவது அந்த விளிம்பைத்தான்.

குஷன் ஷூக்களுக்கே உரிய ஒரு குறையை இங்கே சொல்ல வேண்டும். எடையைக் குறைப்பதற்காகச் சில ஷூக்களின் அடிப்பாகத்தில் நடுவே ரப்பரை வெட்டி எடுத்துவிட்டு நுரையை வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். உலர்ந்த பாதையில் இது பெரிய பிரச்சினை இல்லை. கரடுமுரடான பாதையில் கூர்மையான கல் அந்த வெற்றிடத்தில் குத்தி நுரையைப் பெயர்த்தெடுக்கும், சேறும் அந்தக் குழிகளில் போய் அடைந்துகொள்ளும். முனையிலிருந்து குதிகால் வரை தொடர்ச்சியாக ரப்பர் போர்த்திய அடிப்பாகமே இந்தப் பாதைகளுக்கு ஏற்றது.

படி 3: ரப்பரின் தன்மை

மென்மையான ரப்பர் ஈரப்பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் நனைந்த கல்லில் கைவிடும். இரண்டையும் ஒரே அளவில் தரும் ரப்பர் இல்லை, எனவே உங்கள் பாதையில் ஈரப்பாறை எவ்வளவு என்பதே இதை முடிவுசெய்ய வேண்டும். வெறும் நகத்தால் பல்லின் விளிம்பை அழுத்திப் பாருங்கள். சற்றே பதிந்து மீண்டால் மென்மையான வகை, நகம் வழுக்கிக்கொண்டு போனால் கடினமான வகை. துல்லியமான சோதனை அல்ல, என்றாலும் இரண்டு ஷூக்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது வித்தியாசம் தெரியும்.

விப்ரம் நிறுவனத்தின் மஞ்சள் எண்கோண முத்திரையைப் பார்த்ததும் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் நண்பர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேற்றக்காரர் விட்டாலே பிரமானி 1937-இல் கொண்டுவந்த ரப்பர் அடித்தளத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் அது, பெயர் பெற்றதற்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த முத்திரை பலவகை ரப்பர் கலவைகளில் எதிலும் இருக்கலாம். ஈரத்தில் பிடிப்புக்காகவே உருவாக்கப்பட்ட கலவைக்கு மெகாகிரிப் என்று பெயர். அந்தப் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிறுவனங்களும் சொந்தக் கலவைகளை வைத்திருக்கின்றன. இன்னோவ்-8 மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2018-இல் கிராஃபீன் கலந்த ரப்பரை அறிமுகப்படுத்தியது. சாலமனின் ரப்பர் கான்டாகிரிப் என்ற பெயரில் வருகிறது, அதிலும் உட்பிரிவுகள் உண்டு.

படி 4: உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள்

மொத்தத் தேர்விலும் நான் அதிகக் கவனம் கேட்பது இந்தப் படிக்குத்தான். குஷன் ஷூ என்றால் பாதம் தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது என்று பொருள். குதிகாலின் கீழ் 30 மி.மீ.க்கு மேல் உயரம் கொண்ட ட்ரெயில் ஷூக்கள் இன்று சாதாரணம், சில 40 மி.மீ.யை எட்டுகின்றன. பாதம் உயர உயர, ஷூவின் ஓரம் ஒரு கல்லின் மேல் சரியும்போது கணுக்காலைப் புரட்டும் நெம்பு விசையும் கூடுகிறது. போதாக்குறைக்கு, தடித்த நுரை தரையின் மேடுபள்ளத்தைப் பாதத்துக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், கால் சரியத் தொடங்கிவிட்டது என்ற செய்தி தாமதமாகவே மேலே போகிறது. சேற்றில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் சேற்றுக்குள் மறைந்திருக்கும் கல் கண்ணுக்கும் தெரியாது.

இதற்கு ஷூ வடிவமைப்பில் இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று அகலம்: அடித்தளம் பாதத்தின் எல்லையைத் தாண்டி இருபக்கமும் பரந்திருப்பது. மற்றொன்று பாதம் நுரையின் மேல் உட்காராமல் நுரைக்குள் இறங்கி உட்காரும்படி, இருபக்கமும் நுரைச்சுவர் எழும்பியிருப்பது. ஷூவை மேசையின் மேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். கீழே போகப் போக அகலும் வடிவம் நல்லது. மேலும் கீழும் ஒரே அகலமாகவோ, நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியோ இருந்தால் அதை உயரம் குறைந்த ஷூக்களில் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். அடுத்து, ஷூவின் உள்ளே கையை விட்டு உள்ளங்கால் படும் இடத்தைத் தொட்டு, மறுகையால் வெளியே நுரைச்சுவரின் மேல்விளிம்பைத் தொடுங்கள். உள்ளே இருக்கும் விரல் தாழ்ந்திருந்தால் பாதம் நுரைக்குள் இறங்கி உட்காரும்.

இறுதியாக, முனையையும் குதிகாலையும் இரு கைகளில் பிடித்துத் துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். சிறிதும் முறுகாத ஷூ சாய்வான கல்லில் கால் வைக்கும்போது பாதத்தையும் சேர்த்துச் சாய்க்கும். தாராளமாக முறுகும் ஷூ நடுப்பாதத்தைத் தாங்காது. முன்பாதப் பகுதியில் கொஞ்சம் நெகிழ்ந்து, நடுவிலும் குதிகாலிலும் உறுதியாக இருப்பதே தேவை. அடிக்கடி கணுக்கால் பிசகுகிறவர்கள் 40 மி.மீ. ஷூக்களை விட்டுவிட்டு, 30 மி.மீ. அளவில் அகலமான அடித்தளம் உள்ளவற்றைத் தேடுவது நல்லது.

படி 5: நுரையும் டிராப்பும் பாறைத்தகடும்

நுரைகளில் மிகப் பரவலானது ஈவிஏ. விலையும் எடையும் குறைவு, ஆனால் கடுங்குளிரில் இறுகும், நாளடைவில் தட்டையாகும். டிபியு நுரை எடை கூடுதலானது, நீடித்து உழைக்கும், குளிரால் அவ்வளவாக மாறாது. பீபா வகை நுரை மிக இலேசானது, நன்றாகத் துள்ளும். பந்தய ஷூக்களில் அது பெருமையாகச் சொல்லப்படுகிறது, ஆனால் சேறும் கல்லும் கலந்த பாதையில் அந்தத் துள்ளலும் மென்மையும் தடுமாற்றமாக மாறக்கூடும். சுற்றிலும் உறுதியான வேறொரு நுரையால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் மட்டும் ஏற்கலாம். பொதுவாக, பெருவிரலால் பக்கச்சுவரை அழுத்தும்போது எதிர்ப்புக் காட்டி அமுங்கும் நடுத்தர உறுதியே இங்கே தேவை. கடையில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும் குஷன் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சரியாக இருக்கும்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு டிராப் எனப்படும். ஆல்ட்ரா ஷூக்களில் அது பூஜ்யமாகவே அறியப்பட்டது, சாலமன் ஸ்பீட்கிராஸில் 10 மி.மீ. குறைந்த டிராப் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் வேலையைக் கூட்டும், அதிக டிராப் முழங்கால் பக்கம் சுமையை நகர்த்தும். இதில் எது சிறந்தது என்ற வாதத்துக்குள் போகாமல், இப்போது அணியும் ஷூவின் டிராப்பிலிருந்து அதிகம் விலகாமல் இருப்பதே பாதுகாப்பான வழி. விலகத்தான் வேண்டுமென்றால் வாரங்கள் எடுத்துக்கொண்டு பழக்குங்கள்.

பாறைத்தகடு என்பது அடித்தளத்துக்குள் பதிக்கப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் அல்லது கார்பன் தகடு. கூர்மையான கல்லின் குத்தலைப் பரப்பிவிடும். நுரை தடிமனாக உள்ள ஷூக்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது, நுரையே அந்த வேலையைச் செய்துவிடும்.

படி 6: மேற்பகுதியும் பிடிமானமும்

சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது சேறு ஷூவைக் கீழே இழுக்கிறது, பாதம் மேலே வருகிறது. இந்த இழுபறியில் குதிகால் சில மில்லிமீட்டர் எழும்பினால்கூட, ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரமே கொப்புளிக்கும். பக்கவாட்டுச் சரிவில் ஓடும்போதோ ஷூ தரையில் நிற்க, உள்ளே பாதம் சறுக்கும். அடிப்பற்கள் எவ்வளவு நன்றாகப் பற்றினாலும் அப்போது பயனில்லை. ஆகவே நடுப்பாதத்தில் இறுக்கமான அணைப்பு, குதிகாலில் உறுதியான கிண்ணம், விரல்களுக்கு மட்டும் தாராளம் என்பதே நோக்கம்.

ஷூவின் நாக்குப் பகுதி இருபக்கமும் மேற்பகுதியோடு துணியால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்து நிற்கும் நாக்கின் ஓரங்களில் சேறும் சிறுகல்லும் உள்ளே நுழையும். விரல்முனையில் கெட்டியான ரப்பர்க் காப்பு அவசியம். மேற்பகுதித் துணி நெருக்கமான நெசவாக இருந்தால் மணல் புகாது, அதே நேரம் உள்ளே வந்த நீர் வெளியேறவும் வேண்டும். கழுத்துப்பட்டையிலும் நாக்கிலும் தடித்த பஞ்சு வைத்த ஷூக்கள் கடையில் சொகுசாக இருக்கும். நனைந்தால் அந்தப் பஞ்சு நீரைக் குடித்துக் கனக்கும். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது ஓட்டம் பற்றிய ஆய்வுகளில் நிலைபெற்ற கணக்கு. எனவே பெட்டியில் எழுதியிருக்கும் எடையைவிட நனைந்த ஷூவின் எடைதான் சேற்றுப் பாதையில் பொருட்படுத்த வேண்டியது.

இன்சோலையும், அதாவது ஷூவின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் விரிப்பையும், வெளியே எடுத்துப் பாருங்கள். ஈரத்தில் செங்குத்தான இறக்கத்தில் ஓடும்போது, மெலிதாக ஒட்டப்பட்ட இன்சோல் இடம்பெயர்ந்து விரல்களுக்கு அடியில் சுருண்டுகொள்வதுண்டு. அடிப்புறம் சொரசொரப்பாக, ஓரங்கள் ஷூவின் உட்சுவரோடு இறுக்கமாகப் பொருந்தி, இழுத்தால்தான் வரும் அளவுக்கு இருந்தால் நல்லது.

லேஸ் விஷயத்தில் சாதாரணக் கயிறு லேஸையே நான் பரிந்துரைப்பேன். ஒரே இழுப்பில் இறுகும் மெல்லிய லேஸ் வசதியானது, ஆனால் அதன் பூட்டில் சேறு புகுந்து காய்ந்தால் குளிரில் விறைத்த விரல்களால் அதை நகர்த்துவது எளிதல்ல.

படி 7: நீர்புகாத உறை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ராபர்ட் கோர் 1969-இல் கண்டறிந்த விரிவுறுத்தப்பட்ட பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக் படலத்திலிருந்து உருவான கோர்-டெக்ஸ், நீர்த்துளியை உள்ளே விடாமல் வியர்வையின் ஆவியை வெளியே விடும் நுண்துளைகள் கொண்டது. அது சொன்னபடி வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், நீர் துணி வழியாக வராவிட்டாலும் கணுக்காலுக்கு மேலிருந்து உள்ளே வரும், வந்தபின் அதே படலம் அதை வெளியே விடாது. கணுக்கால் வரை புதையும் சேற்றிலும் ஓடையிலும் ஓடுகிறவர் விரைவாக நீர் வடியும் சாதாரண மேற்பகுதியையும் ஈரத்திலும் வெப்பம் காக்கும் மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறையையும் எடுப்பதே மேல். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். மேலோட்டமான ஈரம், பனி படிந்த புல், உறைகுளிர் ஆகியவை மட்டுமே உள்ள பாதைகளுக்கு நீர்புகா ஷூ பொருந்தும்.

படி 8: அளவும் அணிந்து பார்த்தலும்

பாதம் பகல் முழுதும் சற்று வீங்குவதால் மாலையில் அளவு பாருங்கள், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு பாருங்கள். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரியது. பெரிய பாதத்துக்கே அளவு எடுக்க வேண்டும். இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பார்த்தால், பாதத்தின் ஓரங்கள் வெளியே வழிகின்றனவா என்பது தெரிந்துவிடும். வழிந்தால் நீளத்தைக் கூட்டி ஈடுகட்ட முயலாதீர்கள், அகலமான வடிவம் உள்ள வேறு ஷூவைத் தேடுங்கள். நீளம் கூடிய ஷூவில் பாதம் முன்னும் பின்னும் ஓடும், சேற்றில் அதன் தொல்லை இரட்டிப்பாகும்.

அணிந்த பிறகு கடையில் சாய்தளமோ படிக்கட்டோ இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல்கள் முன்சுவரில் முட்டக் கூடாது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலைத் தாழ்த்தி உயர்த்துங்கள். குதிகால் ஷூவுக்குள் எழும்புவது அப்போது தெளிவாகத் தெரியும். எழும்பினால் உடனே ஷூவை ஒதுக்க வேண்டாம். மேலே உள்ள கூடுதல் துளையில் லேஸை அதே பக்கமாகச் செருகி ஒரு சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டிப் பாருங்கள், பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் எழும்பினால் அந்த ஷூவின் குதிகால் வடிவம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும்: ஷூக்களின் பெயர் அப்படியே இருக்க, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் உயரமும் அகலமும் ரப்பரும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான்காம் பதிப்பு நண்பருக்குப் பிடித்திருந்தது என்பதற்காக ஆறாம் பதிப்பை அணிந்து பார்க்காமல் வாங்குவது, பெயர் தெரியாத ஷூவை வாங்குவதற்குச் சமம்.

படி 9: முதல் ஓட்டங்கள்

புதிய ஷூவைப் பந்தய நாளில் முதல்முறை அணிய வேண்டாம் என்பது எல்லோரும் அறிந்தது. குஷன் ஷூவில் அதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு: உயரம் பழக வேண்டும். மெல்லிய அடியில் ஓடிப் பழகியவர் வேர்களின் மேல் காலைத் தூக்கும் அளவை உடல் தானாகவே கணக்கிட்டு வைத்திருக்கும். அடித்தளம் 10 மி.மீ. கூடினால் அந்தக் கணக்கு பிசகி, முனை வேரில் தட்டும். அதனால் முதலில் தெரிந்த பாதையில், மெதுவாக, குறுகிய தூரம் ஓடுங்கள். பிறகு வேண்டுமென்றே அதன் மோசமான பகுதியைத் தேர்ந்தெடுத்து, சேற்றுச் சரிவில் ஏறி, நின்று, இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது குதிகாலை நீட்டி ஊன்றாமல் சிறுசிறு அடிகளாக, உடலின் நேர்கீழே கால் வைத்தால் பற்களுக்கு வேலை செய்ய வாய்ப்புக் கிடைக்கும். ஓட்டம் முடிந்ததும் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். சில தடவை தரையில் தட்டிய பிறகும் நடுப்பகுதி முழுவதும் மண் அடைத்துக்கொண்டிருந்தால், உங்கள் மண்ணுக்கு அந்தப் பற்களின் இடைவெளி போதவில்லை.

படி 10: கழுவுதல், உலர்த்துதல், மாற்றுதல்

சேறு காய்வதற்குள் கழுவிவிடுங்கள். காய்ந்த மண்ணின் துகள்கள் துணியின் இழைகளுக்கு இடையே புகுந்து, ஒவ்வொரு அடியிலும் அரம்போல் அறுக்கும். பல ஷூக்களில் அடிப்பாகம் நன்றாக இருக்கும்போதே சுண்டுவிரல் மடியும் இடத்தில் மேற்பகுதி கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லேஸைத் தளர்த்தி, இன்சோலைத் தனியே எடுத்து, குளிர்ந்த நீரிலும் மென்மையான தூரிகையிலும் கழுவினால் போதும். சலவை இயந்திரத்தின் சூடும் சுழற்சியும் பசையைப் பலவீனப்படுத்தும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். ஹீட்டருக்குப் பக்கத்திலோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் பசை விடும், நுரை சுருங்கும். அடிக்கடி நனையும் பாதையில் ஓடுகிறவர்கள் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டுமே முழுதாக உலர நேரம் கிடைக்கும்.

ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள், ஆனால் கரடுமுரடான தரையில் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. பற்களின் உயரத்தைப் புதிதாக இருக்கும்போதே ஒரு சிறு அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டு, அது பாதியாகக் குறைந்ததும் சேற்றுப் பாதையிலிருந்து அந்த ஷூவை விலக்குங்கள். பக்கச்சுவரில் நிலையான சுருக்கங்கள் விழுந்திருந்தாலோ, மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஷூ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ, பற்கள் மீதமிருந்தும் நுரை ஓய்ந்துவிட்டது என்று பொருள். தடித்த குஷன் ஷூவில் இந்தச் சாய்வு கணுக்காலுக்கு ஆபத்தானது, அதைப் பார்த்த அன்றே மாற்றிவிடுங்கள். பற்கள் மட்டும் தேய்ந்து நுரை உயிரோடு இருக்கும் ஜோடியை உலர்ந்த மண்தடத்துக்கென ஒதுக்கி வைத்தால் இன்னும் சில மாதங்கள் உழைக்கும்.